மஞ்சள் பட்டையும் சிவப்புப் பட்டையும்

கேள்வி: செம்பூர் திலக் நகரில் பழைய மாடா (மகாராஷ்டிர வீட்டுவசதி ஆணையம்) காலனிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் இந்த வருஷம் சொசைட்டி கமிட்டியில் பொருளாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மெயின்டனன்ஸ் பில், ரசீது, பாக்கி, வட்டி எல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒரே ஃபைலில் இருக்கின்றன. எங்கள் பில்டிங்கில் இருந்த அண்ணாச்சி ஒருவர் எழுதிக்கொடுத்தது. அவர் ரிட்டயர் ஆகி வள்ளியூர் பக்கம் ஊரோடு போய்விட்டார்.

ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து தொல்லை. மாதா மாதம் ஃபைலை அந்த மாதப் பெயரில் காப்பி எடுத்துத் திறப்போம். திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் 'செக்யூரிட்டி வார்னிங்' என்று வருகிறது. போன மாதம் அதை எக்ஸ் போட்டு மூடிவிட்டு நாலு வீட்டு ரசீதைப் பதிந்தேன். ரசீது ஏறியது, பாக்கி குறையவில்லை. பில் போடும் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் ஃபைலைச் சரிசெய்து இமெயிலில் அனுப்பினார். அதைத் திறந்தால் சிவப்புப் பட்டை, அதில் அனுமதிக்கிற பட்டனே இல்லை. கடைப் பையனோ, "ஆன்ட்டி, எனேபிள் ஆல் மேக்ரோஸ் போட்டுடுங்க, இனிமே எதுவும் கேக்காது" என்கிறான். போடலாமா? பில் போடும்போது 'இத்தனை வரிசை சேர்க்கப்போகிறேன்' என்று கேட்கிற பெட்டியையும் அதே மாதிரி நிறுத்திவிடலாமா? கடைசியாக ஒன்று: பாக்கிக்காரர்களுக்கு மராத்தியில் ஒரு வரி வருகிற மாதிரி செய்யுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டிருந்தோம். அது வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது. வைரஸா?
— வாசகி, திலக் நகர், மும்பை

பதில்: முதலில் அந்த நாலு ரசீதைக் கவனியுங்கள், அம்மா. மற்றதெல்லாம் காத்திருக்கும்.

மஞ்சள் பட்டையில் இருக்கும் 'எனேபிள் கன்டென்ட்' பட்டனை அழுத்தாத வரையில், பட்டையை மூடினாலும், ஆக்சஸ் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. டேபிளைத் திறக்கலாம், ஃபாரத்தில் அடிக்கலாம், அடித்தது பதிவும் ஆகும். ஆனால் அந்த ஃபாரத்துக்குப் பின்னால் அண்ணாச்சி எழுதிவைத்த வி.பி.ஏ. நிரல் ஓடாது. புது வரிசைகளைச் சேர்ப்பது, இருப்பதை மாற்றுவது, அழிப்பது போன்ற வேலைகளைச் செய்யும் குவெரிகளும் ஓடாது. ரசீதுத் தொகையைப் பாக்கியில் கழிப்பதும், தாமதத்துக்கு வட்டி போடுவதும் அந்த நிரலின் வேலையாகத்தான் இருக்கும். நீங்கள் அடித்த நாலு ரசீதும் டேபிளில் போய் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றால் நடக்கவேண்டிய கணக்கு நடக்கவில்லை. ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். நிரல் ஓடும் நிலைக்கு வந்தபின் அந்த நாலையும் நீக்கி மறுபடி பதியுங்கள். பிறகு பாங்க் பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த பில்லைப் போட்டால் பணம் கட்டின அந்த நாலு வீட்டுக்கும் வட்டியோடு பாக்கி போகும். அப்புறம் உங்கள் வீட்டுக் காலிங் பெல் ஓயாது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. எச்சரிக்கையை அனுமதிப்பதில்தான் ஆபத்து, மூடிவிட்டு வேலை பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உங்கள் சொந்தக் கணக்கு ஃபைலில் நிலைமை நேர்மாறு. பாதி மட்டும் ஓடும் ஃபைலில் பதிவு போடுவது கணக்கைச் சத்தமில்லாமல் கெடுக்கும். பிழைச் செய்திகூட வராது.

இதற்கு அண்ணாச்சி செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. ஃபைலைத் திறந்ததும் தானாக ஓடும் மேக்ரோவுக்கு 'ஆட்டோஎக்ஸெக்' என்று பெயர். நம்பிக்கை தராத ஃபைலிலும் அது ஓடும். ஆனால் ஒரு ஃபாரத்தைத் திறப்பது போன்ற அபாயமில்லாத செயல்களை மட்டும் ஆக்சஸ் அதற்கு அனுமதிக்கும். இந்த ஃபைலுக்கு நம்பிக்கை தரப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள 'கரன்ட் ப்ராஜெக்ட்' என்பதற்கு 'இஸ்டிரஸ்டட்' என்ற பண்பு இருக்கிறது. இல்லை என்று பதில் வந்தால், ரசீது ஃபாரத்தைக் காட்டாமல் 'முதலில் மேலே எனேபிள் கன்டென்ட் அழுத்தவும்' என்று பெரிய எழுத்தில் ஒரு ஃபாரம் வந்து நிற்கும்படி எழுதச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் தரும் நார்த்விண்ட் மாதிரி ஃபைலில் இதே ஏற்பாடு இருக்கிறது. எழுதப் பத்து நிமிஷம் போதும். உங்களுக்கு நடந்தது அடுத்த பொருளாளருக்கு நடக்காது.

சரி, பட்டை ஏன் வருகிறது? ஆவணத்துக்குள் நிரல் ஒளிந்து வரலாம் என்பதை உலகம் 1999 மார்ச்சில் நன்றாகவே தெரிந்துகொண்டது. அப்போது பரவிய 'மெலிஸா' ஒரு வேர்டு ஃபைலுக்குள் இருந்த மேக்ரோ. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த முதல் ஐம்பது பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. நம் நாட்டுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. 2020 மார்ச்சில், கொரோனா பயம் உச்சத்தில் இருந்தபோது, அரசின் சுகாதார அறிவிப்பு போலத் தோன்றும் ஓர் ஆவணம் இங்கே சுற்றியது. மேக்ரோவை அனுமதித்தவரின் கம்ப்யூட்டரில் 'கிரிம்ஸன் ராட்' என்ற உளவு நிரல் இறங்கியது. 'டிரான்ஸ்பரன்ட் டிரைப்' என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கும் கூட்டத்தின் வேலை அது. 2016லேயே வெளிநாடுகளில் இருந்த இந்தியத் தூதரக ஊழியர்களைக் குறிவைத்ததாக அதன் மேல் அறிக்கை வந்திருந்தது. தந்திரம் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான்: அனுமதிக்கிற பட்டனைப் பார்ப்பவரே அழுத்தும்படி செய்வது. சொசைட்டிக்காரர்களுக்கு அது மாடா நோட்டீஸ் என்ற பெயரிலோ, ரீடெவலப்மென்ட் ஒப்பந்தம் என்ற பெயரிலோ வந்தால் திறக்காமல் இருப்பார்களா?

ஆகவே ஆக்சஸ் உங்கள் அண்ணாச்சியைச் சந்தேகப்படுகிறது என்று நினைக்காதீர்கள். அவரை அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டரில் ஏன் கேட்கவில்லை? அங்கே அவர் ஏற்கெனவே ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருப்பார். அந்த ஏற்பாடு ஃபைலில் எழுதப்படுவதில்லை, அந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸில், அந்தப் பயனரின் பெயரில் பதிவாகிறது. ஃபைலை மட்டும் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தீர்கள், அது இங்கே அந்நியனாகிவிட்டது.

ஒரு தடவை அனுமதித்தால் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி ஆபீஸ் 2010லேயே வந்துவிட்டது. அப்படியும் உங்களிடம் மாதா மாதம் கேட்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பெயரில் காப்பி எடுக்கிறீர்கள். இந்த இடத்தில், இந்தப் பெயரில் உள்ள ஃபைல் என்றுதான் ஆக்சஸ் நினைவில் வைக்கும். பெயர் மாறினால் மறுபடி முதலிலிருந்து. நீங்கள் வேலை செய்கிற ஃபைல் எப்போதும் ஒரே பெயரில், ஒரே இடத்தில் இருக்கட்டும். மாதக் காப்பி எடுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அந்தக் காப்பியைத் தேதி போட்டு வேறிடத்தில் வைத்துப் பூட்டுங்கள். அதில் வேலை செய்யாதீர்கள்.

நிரந்தர வழி, நம்பகமான இடம் ஒன்றை ஆக்சஸுக்குக் காட்டிக்கொடுப்பது. டி டிரைவில் 'பில்லிங்' என்று புது ஃபோல்டர் ஒன்று போடுங்கள். வேலை செய்கிற ஃபைலை மட்டும் அதில் வையுங்கள். ஆக்சஸில் ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் டிரஸ்ட் சென்டர், அதற்குள் டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், அங்கே இடப்பக்கம் டிரஸ்டட் லொகேஷன்ஸ். 'ஆட் நியூ லொகேஷன்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டி ஓகே கொடுங்கள். உள் ஃபோல்டர்களையும் நம்பலாமா என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் வேண்டாம். நெட்வொர்க் இடங்களை அனுமதிக்கும் கட்டத்தையும் தொடாதீர்கள். ஆக்சஸை மூடித் திறந்தால் மஞ்சள் பட்டை போயிருக்கும்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. அந்த ஃபோல்டருக்குள் எந்த ஆக்சஸ் ஃபைல் போனாலும் அதன் நிரல் கேள்வி கேட்காமல் ஓடும். டவுன்லோட்ஸையோ, டெஸ்க்டாப்பையோ, மொத்த டி டிரைவையுமோ நம்பகமான இடமாகக் காட்டிவிடாதீர்கள். டவுன்லோட்ஸைக் காட்டிய ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன். இன்டர்நெட்டிலிருந்து வந்து விழுவதெல்லாம் அங்கேதான் விழுகிறது, அதற்கே முழு அனுமதி!

இப்போது கடைப் பையன் சொன்ன 'எனேபிள் ஆல் மேக்ரோஸ்'. வேண்டாம். கேட்டில் வருகிறவரையெல்லாம் வாட்ச்மேன் பெயர் கேட்கிறார் என்று எரிச்சல்பட்டு அவரையே வீட்டுக்கு அனுப்புகிற காரியம் அது. உங்கள் ஒரு ஃபைலுக்கு வழிவிடுவதற்காக, அந்தக் கம்ப்யூட்டரில் இனி யார் அனுப்பும் எந்த ஆக்சஸ் ஃபைலுக்கும் வாசலைத் திறந்துபோடுகிறீர்கள். டிரஸ்ட் சென்டரில் மேக்ரோ செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். அறிவிப்போடு எல்லாவற்றையும் நிறுத்து என்பது, அதாவது 'டிஸேபிள் ஆல் மேக்ரோஸ் வித் நோட்டிஃபிகேஷன்', தேர்வாகியிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் வைத்து அனுப்புவதும் அதைத்தான். பையன் ஏற்கெனவே மாற்றியிருந்தால் திருப்பி வையுங்கள்.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்கவேண்டாம், கடையில் போட்டுக்கொடுத்த ஆபீஸ் உரிமத்தோடு வந்ததுதானா? காசில்லாமல் 'ஆக்டிவேட்' செய்துதரும் நிரல்கள் பெரும்பாலும் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லித்தான் உள்ளே வருகின்றன. அப்படி வந்திருந்தால் மேக்ரோ பற்றி நாம் பேசுவதெல்லாம் வீண். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும், விண்டோஸ் 10க்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் கமிட்டியில் சொல்லிவையுங்கள்.

சிவப்புப் பட்டை வேறு சமாச்சாரம். இன்டர்நெட்டிலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோவை ஒட்டுமொத்தமாகத் தடுக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. ஆக்சஸ், எக்ஸெல், வேர்டு, பவர்பாயின்ட், விசியோ ஐந்துக்கும் இது பொருந்தும். ஏப்ரலில் தொடங்கி, ஜூலையில் பயனர்களின் கூச்சலால் கொஞ்ச நாள் பின்வாங்கி, அதே மாதக் கடைசியில் மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் பட்டையில் அனுமதிக்கும் பட்டன் இருந்ததால்தான் ஜனங்கள் யோசிக்காமல் அழுத்தினார்கள் என்று பட்டனையே எடுத்துவிட்டார்கள். நான் இதை வரவேற்கிறேன். பத்து வருஷம் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஃபைல் இன்டர்நெட்டிலிருந்து வந்தது என்று எப்படித் தெரிகிறது? பிரவுசரோ மெயில் நிரலோ ஃபைலை இறக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்பதை விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையாக அதன்மேல் ஒட்டுகிறது. ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் போனால், ஜெனரல் பக்கத்தின் அடியில் 'இது வேறு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது' என்ற வரியும் பக்கத்தில் 'அன்பிளாக்' என்ற கட்டமும் இருக்கும். டிக் செய்து ஓகே கொடுத்தால் முத்திரை போய்விடும், சிவப்பு மஞ்சளாகும்.

ஆனால் அந்த முத்திரை ஃபைலின் பக்கத்தில் தனிக் குறிப்பாக ஒட்டியிருப்பது. விண்டோஸ் தன் வட்டுகளுக்குப் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். அமைப்பில்தான் அது நிற்கும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் வேறு அமைப்பில் இருப்பதால் அதில் காப்பி போட்டதும் முத்திரை உதிர்ந்துவிடும். பென் டிரைவில் வந்த ஃபைலுக்குச் சிவப்புப் பட்டை வரவில்லை என்றால், அது பத்திரமான ஃபைல் என்று அர்த்தமில்லை. எங்கிருந்து வந்தது என்கிற அடையாளம் வழியில் தொலைந்துவிட்டது, அவ்வளவே. நம் ஊரில் பாதி வேலை பென் டிரைவில்தான் நடக்கிறது என்பதால் இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

எனவே அன்பிளாக் செய்வதற்கு முன் அண்ணாச்சிக்கு ஒரு போன். "நீங்கதான் அனுப்புனீங்களா, ஃபைல் பேர் என்ன, என்ன மாத்துனீங்க?" மூன்றுக்கும் பதில் பொருந்தினால் அன்பிளாக் செய்யலாம். இமெயிலில் அவர் பெயர் இருக்கிறதே என்பது போதாது, மெலிஸாவும் தெரிந்தவர் பெயரில்தான் வந்தது. சிவப்புப் பட்டையோடு இருக்கும் ஃபைலை நேராக 'பில்லிங்' ஃபோல்டரில் போட்டாலும் ஓடிவிடும். அதனால்தான் போனை முதலில் போடச் சொல்கிறேன்.

போனிலேயே இன்னொன்றும் கேளுங்கள், இது எச்சரிக்கையைவிடப் பெரிய விஷயம். அவர் அனுப்பியிருப்பது முழு ஃபைல். அதை உங்கள் ஃபைலின்மேல் போட்டு மாற்றினால், நீங்கள் அவருக்கு அனுப்பிய நாளுக்குப் பிறகு பதிந்த ரசீதெல்லாம் அதோடு போய்விடும். ஃபைலை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: டேபிள்கள் மட்டும் ஒன்றில், ஃபாரம், ரிப்போர்ட், நிரல் எல்லாம் இன்னொன்றில். ஆக்சஸிலேயே 'ஸ்பிளிட் டேட்டாபேஸ்' என்று அதற்கு வசதி இருக்கிறது. பிறகு அவர் எதைத் திருத்தினாலும் நிரல் ஃபைல் மட்டும் வள்ளியூருக்கும் செம்பூருக்கும் போய்வரும். கணக்கு உங்கள் கம்ப்யூட்டரை விட்டு நகராது. உறுப்பினர்களின் போன் நம்பர், நாமினி பெயர், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் இமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுவதும் நிற்கும்.

நிரலுக்கு வழிவிட்ட பிறகும், 64 பிட் ஆபீஸுக்காக நிரலைத் திருத்தவேண்டும் என்று ஆக்சஸ் சொன்னால் பயப்படாதீர்கள். அது பாதுகாப்பு எச்சரிக்கை இல்லை. ஆபீஸ் 2019 முதல், தனியாகக் கேட்டால் ஒழிய 64 பிட் பதிப்புதான் ஏறுகிறது. அந்தக் கால நிரலில் விண்டோஸை நேரடியாக அழைக்கும் வரிகள் இருந்தால் அவற்றில் 'பி.டி.ஆர்.சேஃப்' என்ற சொல்லைச் சேர்த்து, சில இடங்களில் மாறிகளின் வகையையும் மாற்றவேண்டும். அண்ணாச்சிக்கு இது புரியும்.

அடுத்து, பில் போடும்போது 'இத்தனை வரிசை சேர்க்கப்போகிறேன்' என்று கேட்கும் பெட்டி. பட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது உங்கள் கை தவறுக்கான தடுப்பு. ஆப்ஷன்ஸில் கிளையன்ட் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆக்ஷன் குவெரீஸ்' என்ற டிக்கை எடுத்தால் நிற்கும். எடுக்காதீர்கள். அந்தப் பெட்டியில் வரும் எண்ணிக்கையைவிடச் சுலபமான தணிக்கை உங்களுக்குக் கிடைக்காது. நாற்பது வீடு இருந்து முப்பத்தெட்டு வரிசை என்று காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

நிரல் எழுதுகிறவர்கள் இந்தப் பெட்டியை ஒழிக்க 'செட்வார்னிங்ஸ் ஃபால்ஸ்' என்று ஒரு வரி போடுவார்கள். ஆக்சஸ் உலகில் எனக்கு மிகவும் பிடிக்காத வரி அது. இரட்டைப் பதிவு போன்ற காரணத்தால் இரண்டு பில் சேராமல் போனாலும் அது வாயைத் திறக்காது. நடுவில் நிரல் பிழையாகி நின்றுவிட்டால், எச்சரிக்கையைத் திருப்பிப் போடும் வரி ஓடியிருக்காது. ஆக்சஸை மூடும்வரை நீங்கள் எந்த அழிப்புக் குவெரியை ஓட்டினாலும் கேள்வியே வராது. அதற்குப் பதில் 'எக்ஸிக்யூட்' கட்டளையை 'டிபி ஃபெயில் ஆன் எரர்' என்ற குறிப்போடு பயன்படுத்தினால், தேவையில்லாத கேள்வியும் வராது, பிழை வந்தால் சொல்லாமலும் இருக்காது. எத்தனை வரிசை சேர்ந்தது என்பதை 'ரெக்கார்ட்ஸ் அஃபெக்டட்' மூலம் எடுத்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

நம்பகமான இடம் என்பது அந்தக் கம்ப்யூட்டரில் அந்த லாகினுக்கு மட்டும்தான். செக்ரெட்டரி தன் லாகினில் திறந்தால் அவருக்கு மஞ்சள் பட்டை வரும், நீங்கள் பொறுப்பை ஒப்படைக்கிறபோது அடுத்தவருக்கும் வரும். ஃபோல்டரின் பெயரையும் மேலே சொன்ன வழியையும் ஒரு தாளில் எழுதி, உறுப்பினர் பதிவேடு இருக்கும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

மராத்திக் கேள்விக்குறிகள் வைரஸ் இல்லை. வி.பி.ஏ. எடிட்டர் யூனிகோடுக்கு முந்திய காலத்து ஆசாமி. விண்டோஸின் பழைய எழுத்துப் பக்கங்களில் இருக்கிற எழுத்துகள்தான் அதற்குத் தெரியும். தேவநாகரிக்கும் தமிழுக்கும் அப்படி ஒரு பக்கம் இருந்ததே இல்லை, நிரலுக்குள் அடித்தால் '????' என்று ஆகிவிடும். ஆனால் ஆக்சஸின் டேபிள்கள் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே யூனிகோடு. அந்த மராத்தி வரியை நிரலில் எழுதாமல் ஒரு டேபிளில் போட்டு, பில் ரிப்போர்ட் அதை எடுத்துக்கொள்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டால் தமிழிலும் அச்சடிக்கலாம்.